பாடசாலையில் தொழில் வழிகாட்டல்: மட்டக்களப்பு, அம்பாறை ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் ஆலோசனை வழிகாட்டல் பொறுப்பு பெரும்பாலும் ஏற்கெனவே தமிழோ சமயமோ வரலாறோ படிப்பிக்கிற ஒருவரிடம்தான் வந்து சேரும். பிள்ளைகளின் மனக்கவலை, வரவு, ஒழுக்கப் பிரச்சினை எல்லாம் பார்த்து முடிய, தொழில் வழிகாட்டலுக்கென்று மிஞ்சுவது ஆண்டில் ஒரு கருத்தரங்கு. அதைவிடக் கூடுதலாக, பெரிய செலவில்லாமல் என்ன செய்யலாம் என்று சக ஆசிரியர்கள் கேட்பவற்றையும் பெற்றோர் கேட்கும் சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கிறது. உங்கள் பாடசாலைக்கு ஒத்துவராததை விட்டுவிடுங்கள்.

எந்த வகுப்பிலிருந்து தொடங்குவது?

தரம் 6இல் மெல்லத் தொடங்கலாம். தவறவிடக் கூடாத எல்லை தரம் 9.

தரம் 11இல் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு (ஓ.எல்) எடுக்கும் ஒன்பது பாடங்களில் ஆறு எல்லோருக்கும் பொது: சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு. மற்ற மூன்றையும் தொகுதிப் பாடங்களிலிருந்து பிள்ளை தெரிவு செய்வது தரம் 9 முடிகிற நேரத்தில். அந்தத் தெரிவு எப்படி நடக்கிறது என்று பின்வாங்கில் இருந்து கேட்டுப் பாருங்கள். "அந்த மிஸ் அடிக்கமாட்டா", "அவன் எடுக்கான், நானும் எடுக்கன்", "அதுக்கு ரியூசன் இரிக்கு". இந்த மூன்று காரணங்களுக்குள் வகுப்பில் பாதி அடங்கிவிடும். நாங்களோ ஓ.எல் எழுதி முடிந்த பிறகுதான் தொழில் வழிகாட்டல் என்று கதவைத் திறக்கிறோம்.

தரம் 9க்கு நான் சொல்வது ஒரு சின்னச் செயற்பாடு. தொகுதிப் பாடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேசை போட்டு, அதில் தரம் 10, 11 பாடநூலையும் ஒரு பழைய வினாத்தாளையும் வையுங்கள். அந்தப் பாடம் படிக்கிற தரம் 11 பிள்ளை ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். பேச்சு, உரை எதுவும் வேண்டாம். பிள்ளைகள் மேசை மேசையாகப் போய்ப் புத்தகத்தைப் புரட்டி, வினாத்தாளில் தாங்கள் எழுதிப் பார்க்க விரும்பும் கேள்வி ஒன்றைக் குறித்துக்கொண்டு வரட்டும். தெரிவை முதலில் தனியாக ஒரு துண்டில் எழுதித் தந்த பிறகுதான் நண்பர்களோடு கதைக்க விட வேண்டும். இந்த ஒழுங்கு முக்கியம். கதைத்துவிட்டு எழுதினால் எழுதுவது நண்பனின் தெரிவு.

தரம் 6 முதல் 8 வரை சின்னப் பிள்ளைகள். அவர்களுக்கு என்ன?

தொழில்களின் பெயர்ப்பட்டியல் அவர்களுக்கு வேண்டாம். தங்களைச் சுற்றி நடக்கும் வேலையைப் பார்க்கப் பழக்கினால் போதும். வாழ்க்கைத் தேர்ச்சியும் குடியியற் கல்வியும் பாடவேளைக்குள் இதை வைத்துக்கொள்ளலாம்.

"அப்பா என்ன செய்றார்?" என்று கேட்டால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பாதிப் பிள்ளைகள் "கூலி" என்பார்கள். அந்த ஒரு சொல்லைப் பிரிக்கச் சொல்லுங்கள். வரம்பு வெட்டுதல், நெல் மூட்டை ஏற்றுதல், கொங்கிரீட் குழைத்தல், கிணறு இறைத்தல், வலை பொத்துதல். ஒவ்வொன்றுக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அடுத்த கேள்வி. "அம்மா வீட்டில சும்மா இரிக்கா" என்று எழுதுகிற பிள்ளையின் அம்மா காலையில் கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்து, பகலில் தையல் தைத்து, பின்னேரம் ஆடு பார்ப்பவராக இருப்பார். அதையும் பிரித்து எழுத வையுங்கள். பிள்ளை வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து எழுதும்போது, அந்த வேலையை அது பார்க்கும் விதமே மாறியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. குடும்பத் தொழில் மரம் வரையச் சொல்லும் செயற்பாடு புத்தகங்களில் அழகாக இருக்கும். எங்கள் வகுப்பறையில் தகப்பன் இல்லாத பிள்ளை உண்டு, தாய் குவைத்தில் இருக்கும் பிள்ளை உண்டு, அம்மம்மாவோடு மட்டும் வளரும் பிள்ளை உண்டு. யுத்தமும் 2004 சுனாமியும் குடும்பங்களில் விட்டுப்போன வெற்றிடம் அடுத்த தலைமுறைக்கும் வந்திருக்கிறது. ஆகவே "உன் அப்பா, அம்மா" என்று கேட்காமல் "உனக்குத் தெரிந்த மூன்று பெரியவர்கள்" என்று கேளுங்கள். எழுதியதை வகுப்பு முன்னால் வாசிக்கச் சொல்ல வேண்டாம்.

ஒரேயொரு செயற்பாடுதான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது?

வேலை செய்கிற ஒருவரைப் பிள்ளை நேரில் போய்க் கேள்வி கேட்பது. என் கணக்கில் இதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை. செலவு ஒரு கொப்பித் தாள்.

தரம் 8 அல்லது 10 பொருத்தம். இரண்டு இரண்டு பேராக அனுப்புங்கள். ஊருக்குள்ளேயே ஆள் பிடிக்கட்டும்: ஓடாவி, மேசன் பாஸ், கராஜ் வைத்திருப்பவர், குடும்பநல உத்தியோகத்தர், மருந்துக்கடையில் நிற்பவர், மருதமுனையில் கைத்தறி நெய்பவர், வாழைச்சேனையில் படகு எஞ்சின் திருத்துபவர், பாசிக்குடா ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் அண்ணன். வீட்டுக்கு மிக நெருங்கிய உறவினர் வேண்டாம். உறவுக்காரரிடம் பிள்ளை கேள்வி கேட்காது, கதைதான் கேட்கும்.

கேள்விகளை வகுப்பிலேயே ஒன்றாக எழுதிப் பழகவேண்டும். வேலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? யாரிடம் பழகினீர்கள், எவ்வளவு காலம் எடுத்தது? வேலைக்குத் தேவையான சாமானில் விலை கூடியது எது? பாடசாலையில் எந்தப் பாடத்தை விட்டது இப்போது கஷ்டமாக இருக்கிறது? கடைசிக் கேள்வியை மறக்க வேண்டாம். கணக்கை விட்டது, இங்கிலீசை விட்டது என்று ஒரு மேசன் பாஸ் தன் வாயால் சொல்வதை எங்கள் அறிவுரை எட்டிப்பிடிக்காது.

எல்லாவற்றிலும் பலன் தருகிற கேள்வி: "வருசத்தில் வேலை குறைந்த மாதம் எது, அப்போது என்ன செய்வீர்கள்?" பதில்களைக் கொண்டுவந்து பன்னிரண்டு மாதக் கட்டம் போட்டு வருமான நாட்காட்டி தயாரிக்கச் செய்யுங்கள். கிழக்கில் இது விசேஷமாக வேலை செய்யும், ஏனென்றால் இங்கே எல்லாமே காலத்தோடு கட்டுண்டது. வடகீழ்ப் பருவமழை வரும்போது கடல் கொந்தளிக்கும், கட்டட வேலை நிற்கும், சுற்றுலாவும் படுத்துவிடும். அதே காலத்தில்தான் பெரும்போக வயல் பச்சை பிடிக்கும், அறுவடைக் காசு மாசி பங்குனியில் வரும். அறுகம்பேயில் சவாரிப் பலகை வாடகைக்கு விடுபவருக்கு நல்ல காலம் சித்திரை கழிந்து ஐப்பசி வரை. கட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற தரம் 10 பிள்ளைக்கு இரண்டு விசயம் விளங்கும். மாதச் சம்பளத்தை வீட்டில் ஏன் அவ்வளவு பெரிதாக மதிக்கிறார்கள் என்பது ஒன்று. இரண்டு வேலையைக் காலம் பார்த்துக் கோத்து வாழ்கிறவரின் கணக்கும் ஒரு திறமைதான் என்பது மற்றது.

ஆர்வப் பரிசோதனைப் படிவங்கள் நிரப்ப வைக்கலாமா?

வைக்கலாம். தீர்ப்பாக எடுக்கக் கூடாது.

பெரும்பாலான படிவங்களின் அடித்தளம் அமெரிக்க உளவியலாளர் ஜோன் ஹொலண்ட் 1959இல் முன்வைத்த கருத்து. மனிதரின் தொழில் ஆர்வத்தை அவர் ஆறு வகையாகப் பிரித்தார்: கையால் செய்வது, ஆராய்வது, கலை, பிறருக்கு உதவுவது, முன்னின்று நடத்துவது, ஒழுங்காகப் பதிந்து பேணுவது. பிரிப்பில் பிழையில்லை. படிவத்திலுள்ள கேள்விகள்தான் பிள்ளைக்கு அந்நியம். கண்ணால் காணாத தொழிலைப் பற்றி விருப்பமா இல்லையா என்று கேட்டால் பிள்ளை எதையாவது போட்டுவிட்டுப் போகும்.

கேள்விகளை ஊருக்கு மாற்றுங்கள். பழுதான மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பார்க்க விருப்பமா? வயலின் ஒரு மூலை மட்டும் ஏன் மஞ்சளாகிறது என்று தேட விருப்பமா? கூத்துக்கு முடியும் உடுப்பும் செய்ய விருப்பமா? பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க? பெருநாளுக்குக் கடை போட்டு விற்க? கோயில் திருவிழா வரவுசெலவை எழுதி வைக்க? ஆறும் வந்துவிட்டது. விடையைக் கூட்டிப் போட்டு "நீ இந்த வகை" என்று முத்திரை குத்தாமல், கூடிய புள்ளி வந்ததைப் பற்றி "இதை எப்போதாவது செய்திருக்கிறாயா?" என்று கேளுங்கள். "இல்லை" என்றால் அடுத்த மாதத்துக்குள் ஒருமுறை செய்து பார்க்க வழி பண்ணுங்கள். தொட்டுப் பார்க்காத வேலையில் ஆர்வம் இருக்கா இல்லையா என்று பிள்ளைக்கே தெரியாது.

தொழிற்சந்தை நடத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து வருகிறது. பிரயோசனமா?

நேராகச் சொன்னால், இப்போது நடக்கிற மாதிரி நடந்தால் பிரயோசனம் குறைவு. மண்டபத்தில் கூடாரம், வரவேற்புரை, பிரதம அதிதி, அதற்குள் பதினொரு மணி. பிள்ளைகள் துண்டுப்பிரசுரமும் பையும் சேர்த்துக்கொண்டு வீடு போகிறார்கள். முன்வரிசை மேசைகளில் பெரும்பாலும் காசுக்குப் படிப்பிக்கும் தனியார் நிறுவனங்கள்.

நடத்தியே ஆகவேண்டும் என்றால் மூன்று மாற்றம் செய்யுங்கள். பணிப்பாளர்களைக் கூப்பிடுவதைவிட, பயிற்சி முடித்து இரண்டு மூன்று வருடமான உங்கள் பழைய மாணவர்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் தங்கள் வேலைக் கருவிகளோடு வரட்டும்: மல்டிமீற்றர், நிலஅளவைக் கருவி, தலைமுடி வெட்டும் மெசின், சமையற்கத்தி. பிள்ளை ஒவ்வொன்றும் மூன்று கேள்வி எழுதிக்கொண்டுதான் மண்டபத்துக்குள் போகவேண்டும்.

களப்பயணம் போக எங்கே போகலாம்? காசுக்கு என்ன செய்வது?

தூரம் போகத் தேவையில்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம், கரடியனாற்றில் விவசாயப் பயிற்சி நிலையம், மட்டக்களப்பில் தொழில்நுட்பக் கல்லூரி, அட்டாளைச்சேனையிலும் மட்டக்களப்பிலும் தேசிய கல்வியியற் கல்லூரிகள். இவை எல்லாம் ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரம். முன்கூட்டியே அதிபர் மூலம் கடிதம் போட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். பிள்ளைகள் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வராமல் ஒரு பட்டறையிலோ ஆய்வுகூடத்திலோ அரை மணித்தியாலம் நின்று பார்க்கக் கேளுங்கள்.

மாதம் பார்த்துப் போடுங்கள். கார்த்திகை மார்கழியில் வெள்ளம் வழி மறிக்கும். மாசி பங்குனியில் பல பிள்ளைகள் அறுவடையில். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கம். முஸ்லிம் பாடசாலையோடு சேர்ந்து போவதென்றால் நோன்பு எப்போது வருகிறது என்றும் பார்க்கவேண்டும். சேர்ந்து போவது நல்லது, பஸ் செலவும் பாதியாகும்.

ஓ.எல் பெறுபேறு வரும் கிழமையில் ஆலோசகர் என்ன செய்யவேண்டும்?

ஆண்டிலேயே மிக முக்கியமான கிழமை அதுதான். அன்று சந்தியில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் படம் போட்ட பனர் ஏறும். மற்றப் பிள்ளைகள் பாடசாலைப் பக்கமே வரமாட்டார்கள். எங்களுக்கு வேலை இருப்பது அந்த வராத பிள்ளைகளிடம்.

பெறுபேறு வருமுன்பே, பரீட்சை எழுதுகிற எல்லோரிடமும் தொலைபேசி இலக்கம் வாங்கி வையுங்கள். வந்தவுடன், வராதவர்களின் பட்டியலோடு தொடங்குங்கள். விளையாட்டுக் கழகம், கோயில், பள்ளிவாசல், கிராம உத்தியோகத்தர் எந்த வழியாகவும் செய்தி அனுப்பலாம். செய்தியில் "தோல்வி" என்ற பேச்சே வேண்டாம். "சேர் உன்னோட கதைக்கணுமாம், திங்கட்கிழமை வா" போதும்.

வந்த பிள்ளையிடம் ஒரு தாளில் கதவுகளை எழுதிக் காட்டுங்கள். தாய்மொழியும் கணிதமும் அடங்கலாக ஆறு பாடங்களில் சித்தி, அவற்றில் மூன்று திறமைச் சித்தி (சி அல்லது அதற்கு மேல்) இருந்தால் உயர் தரத்துக்கு (ஏ.எல்) போகலாம். எந்தப் பிரிவுக்கு எந்தப் பாடத்தில் என்ன தரம் வேண்டும் என்பதற்கு அந்த ஆண்டுச் சுற்றறிக்கையை மேசையில் வைத்திருங்கள், ஞாபகத்திலிருந்து சொல்லவேண்டாம். ஒரு பாடத்தில் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்திருந்தால் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம், திகதி ஓடிவிடும். கணிதம் மட்டும் தவறியிருந்தால் அதை மட்டும் திரும்ப எழுதலாம்.

சித்தியடையாதவருக்கும் பாடசாலைக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கிப் பின்னர் விரிவானது. அதன் தொழிற்பிரிவில் சாதாரண தரப் பெறுபேறு பாராமல் தரம் 12இல் சேரலாம். முதலில் பாடசாலையில் பொதுப் பாடங்கள், பிறகு பயிற்சி நிலையத்தில் தொழில், முடிவில் என்.வி.கியூ என்ற தேசிய தொழிற் தகைமையில் நான்காம் மட்டம். உங்கள் வலயத்தில் எந்தப் பாடசாலையில் இது இருக்கிறது, என்னென்ன தொழில்கள் என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டு எழுதி வையுங்கள். பக்கத்து ஊரில் இருக்கிற விசயம் பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளை வீட்டோடு நின்றுவிடுகிறது.

இதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே கொட்டிவிடவும் வேண்டாம். அழுதுகொண்டு வந்த பிள்ளைக்கு அன்று தேவை தேநீரும் ஒரு கதிரையும். தாளை அடுத்த நாள் காட்டலாம். பிள்ளை உயிரை வெறுத்துப் பேசினால் தொழில் வழிகாட்டலை ஒருபக்கம் வைத்துவிட்டு, அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல் வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

என்.வி.கியூ என்றால் என்ன என்று பெற்றோருக்கு எப்படி விளக்குவது?

தேசிய தொழிற் தகைமை. ஏழு மட்டங்கள் கொண்ட ஏணி. ஒன்று முதல் நான்கு வரை தேசிய சான்றிதழ், ஐந்து டிப்ளோமா, ஆறு உயர் டிப்ளோமா, ஏழு பட்டம். கீழ்ப்படியில் தொடங்கியவர் மேலே ஏறலாம் என்பதுதான் பெற்றோரிடம் அழுத்திச் சொல்லவேண்டியது. இரத்மலானையில் இருக்கும் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இந்தப் பாதையில் வருபவர்களுக்காகவே 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. "வயரிங் படிச்சா வயரிங்தான்" என்ற வாதம் அதோடு முடிகிறது.

சேர்க்குமுன் பார்க்கவேண்டிய இரண்டு: நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுபெற்றதா, அந்தக் குறிப்பிட்ட கற்கைநெறி அங்கீகரிக்கப்பட்டதா. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பதிவு இருந்தும் அங்கீகாரமில்லாத பாடநெறி என்.வி.கியூ சான்றிதழ் தராது. பல ஆயிரம் கட்டிப் படித்துவிட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்ட வேறொரு சான்றிதழோடு வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபை, தொழில்நுட்பக் கல்லூரி, பயிலுனர் பயிற்சியை நடத்தும் நைற்றா ஆகிய அரச நிறுவனங்களில் முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். கடல்சார் தொழிலில் விருப்பமுள்ளவருக்குச் சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது.

பெற்றோர் கூட்டத்தில் இன்னொன்றையும் சொல்லலாம். பல வருடம் வேலை செய்து அனுபவமுள்ள மேசனோ மின்னியலாளரோ வகுப்புக்குப் போகாமலே, முன்னனுபவத்தை மதிப்பிடும் முறையில் தகைமை பெற முடியும். பிள்ளைக்காகக் கூட்டத்துக்கு வந்த தகப்பன் தனக்காக விண்ணப்பப் படிவம் கேட்டால் அந்தக் கூட்டம் வெற்றி.

ஏ.எல் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி பற்றி என்ன செயற்பாடு?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாசிக்கப் பழக்குவது. பெறுபேறு வந்த பிறகு வேண்டாம், தரம் 12இலேயே. கடந்த ஆண்டுக் கைநூலையும் வெட்டுப்புள்ளிப் பட்டியலையும் (கற்கைநெறி ஒவ்வொன்றுக்கும் எடுபட்ட கடைசிப் புள்ளி) எடுத்து, ஒரு கற்பனைப் பிள்ளைக்கு இசட் புள்ளி (ஏ.எல் பெறுபேற்றைத் தரப்படுத்திய புள்ளி), மாவட்டம், பாடங்கள் கொடுத்து, விருப்ப ஒழுங்கை எழுத வையுங்கள். குழுக்களாகப் பிரிந்து எழுதி, ஏன் அப்படி எழுதினோம் என்று வாதாடட்டும்.

இதில் மூன்று இடத்தில் பிள்ளைகள் தடுக்குவார்கள். மூன்று பாடச் சித்தியோடு பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும் வேண்டும் என்பதைச் சிலர் கடைசிவரை பொருட்படுத்துவதில்லை. இரண்டாவது ஒதுக்கீடு: பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பட்டியலில் உண்டு. கலைத்துறைக்கு அகில இலங்கை அடிப்படை என்பதால் மாவட்டக் கணக்கு அங்கே கைகொடுக்காது. மூன்றாவது, நுண்கலை போன்ற சில கற்கைநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை அல்லது செய்முறைப் பரீட்சை. அதற்குத் தனி விளம்பரம், தனி விண்ணப்பம், தனித் திகதி. நன்றாகப் பாடுகிற பிள்ளை, அபாரமாகக் கூத்தாடுகிற பிள்ளை, அந்தத் திகதியை விட்டதால் மட்டும் வாய்ப்பை இழப்பது வருடாவருடம் நடக்கிறது. அறிவித்தல் பலகையில் ஒரு மூலையை இந்தத் திகதிகளுக்கென்றே ஒதுக்குங்கள்.

கம்பஸ் கிடைக்காதவருக்கு வழி முடிந்துவிடவில்லை என்பதையும் பெயர் சொல்லிக் காட்டவேண்டும். உயர் தேசிய டிப்ளோமா படிக்க மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் அம்பாறை ஹார்டியிலும் உயர் தொழில்நுட்ப நிறுவனங்கள் உண்டு. கல்வியியற் கல்லூரிக்கும் தாதியர் பயிற்சிக்கும் வர்த்தமானியில் அழைப்பு வரும். திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் நிலையம் இருக்கிறது.

எங்கள் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லை. பிள்ளைக்கு வைத்தியராக ஆசை. என்ன சொல்வது?

ஆசையைக் குறைக்கச் சொல்லவேண்டாம். கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். எல்லாப் பிரிவும் உள்ள 1ஏபி பாடசாலை எது, அங்கே சேர என்ன பெறுபேறு கேட்கிறார்கள், வெல்லாவெளியிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ தினம் பஸ்ஸில் போக முடியுமா, தங்கிப் படிக்க உறவினர் வீடு உண்டா, மாதச் செலவு எவ்வளவு. பிள்ளையும் பெற்றோரும் நீங்களும் மூவருமாக உட்கார்ந்து எழுதவேண்டிய தாள் இது. எழுதிப் பார்த்த பிறகு போகிறவர்கள் நிலைத்து நிற்கிறார்கள். எழுதாமல் போகிறவர்களில் சிலர் முதல் தவணை முடிய ஊருக்குத் திரும்பி வந்து கலைப்பிரிவில் சேருகிறார்கள், அதற்குள் அரை ஆண்டு போயிருக்கும்.

சுகாதாரத் துறையில் வைத்தியர் மட்டும் இல்லை என்பதையும் அதே நாளில் காட்டலாம். கிழக்குப் பல்கலைக்கழகச் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் மருத்துவத்தோடு தாதியியல் பட்டமும் இருக்கிறது. சித்த மருத்துவம் திருகோணமலை வளாகத்தில். மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், இயன்மருத்துவர் என்பவர்களை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் ஒருநாள் நேரில் பார்த்த பிள்ளை வேறு கேள்விகளோடு வரும்.

பெற்றோர் அரசாங்க உத்தியோகம் தவிர வேறெதையும் கேட்க மறுக்கிறார்கள்.

அவர்களோடு சண்டை பிடிக்காதீர்கள். ஓய்வூதியம், வங்கிக் கடன், கலியாணச் சந்தை மூன்றிலும் அரச உத்தியோகத்துக்கு மதிப்பு உண்டு. அது அவர்கள் அனுபவத்தில் கண்டது. ஆனால் பட்டம் எடுத்தால் நியமனம் தானாக வரும் என்ற நம்பிக்கைதான் பழசு. 2017இல் மட்டக்களப்பு நகரில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை எந்தப் பெற்றோரும் மறந்திருக்கமாட்டார்கள். அதை நினைவூட்டி, "நியமனம் வரும்வரை மகள் எதைச் செய்துகொண்டிருப்பா?" என்று கேளுங்கள். கலைப்பிரிவு எடுக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம், சிங்களம், கணினி மூன்றில் குறைந்தது இரண்டு கூடவே வேண்டும் என்ற பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

சிங்களத்தைத் தள்ளிவைக்கிற பிள்ளைக்கு ஒரு வரி: அரச சேவையில் சேர்ந்தவர் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி காட்டவேண்டும். அம்பாறையில் வேலை செய்ய நினைப்பவருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

பெண் பிள்ளைகளுக்கென்று தனியாக ஏதும் செய்யவேண்டுமா?

செயற்பாடு தனியாக வேண்டாம், ஆட்களைத் தெரிவு செய்யும்போது கவனம் வேண்டும். நேர்காணலுக்கும் தொழிற்சந்தைக்கும் வருபவர்களில் நிலஅளவையாளரும் பொறியியலாளரும் ஆண், தையலும் ஆசிரியமும் பெண் என்று அமைந்தால் வாய் திறக்காமலே பாடம் நடத்திவிட்டோம். பயிற்சி நிலையத்துக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்குத் திரும்புகிறது, பெண்கள் கழிப்பறை இருக்கிறதா, விடுதி யார் பொறுப்பில் என்பவற்றை உம்மாவோ அம்மாவோ கேட்குமுன் நீங்கள் அறிந்து வைத்திருங்கள். பெரும்பாலான மறுப்புக்கு உண்மையான காரணம் இந்த மூன்றில் ஒன்று.

மாற்றுத்திறனுள்ள மாணவருக்கு?

எல்லோரோடும் சேர்த்தே செய்யுங்கள், நேர்காணலுக்குத் துணை ஒருவரை அனுப்புங்கள். அரச, அரசசார் துறை வெற்றிடங்களில் 3 வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988ஆம் ஆண்டின் பொது நிர்வாகச் சுற்றறிக்கை ஒன்று சொல்கிறது. பெற்றோர் பலருக்கு இது தெரியாது. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் பிள்ளையின் பதிவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

"ஓ.எல் முடிய கத்தார் போறன் சேர்" என்கிற பையனிடம் என்ன கதைப்பது?

போகாதே என்று சொன்னால் கதை அங்கேயே முடியும். அவன் மச்சான் அங்கிருந்து அனுப்பிய காசில் கட்டின வீடு ஒழுங்கையில் நிற்கிறது. "போறதெண்டா என்னவாப் போறாய்?" என்று கேளுங்கள். உதவியாளாகப் போகிறவருக்கும், மின்னியலில் நான்காம் மட்டச் சான்றிதழோடு போகிறவருக்கும் சம்பளம் ஒன்றல்ல. இந்த ஒரு வித்தியாசம் அவனைப் பயிற்சி நிலையம் வரை கூட்டிப் போகும்.

வகுப்பில் செய்யக்கூடியது: வெளிநாட்டு வேலை விளம்பரம் சிலவற்றைப் பத்திரிகையிலிருந்தும் முகநூலிலிருந்தும் எடுத்து அச்சிட்டுக் கொடுங்கள். எது இல்லை என்று பிள்ளைகள் தேடட்டும். முகவரின் உரிம இலக்கம், வேலைகொள்வோரின் பெயர், அடிப்படைச் சம்பளம், வேலை மணித்தியாலம், சாப்பாடும் தங்குமிடமும் யார் செலவு, ஒப்பந்தக் காலம். பெரும்பாலான விளம்பரங்களில் பாதி இருக்காது. முகவர் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் உரிமம் பெற்றவரா என்று பணியக இணையத்தளத்தில் தேடிப் பார்க்கப் பழக்குங்கள். விசிட் விசாவில் போய் வேலை எடுக்கலாம் என்று சொல்லும் முகவரை என்ன செய்வது என்பதை ஒரு சின்ன நாடகமாக நடிக்க விடலாம். முகவர் வேசத்துக்கு எப்போதும் ஆள் அடிபடுவார்கள்.

இதற்கெல்லாம் பாடவேளை எங்கே? பதிவு எப்படி வைப்பது?

பாடவேளை கிடைக்காது, அதனால் மற்றவர்களின் பாடத்துக்குள் ஒட்டவேண்டும். நேர்காணலைத் தமிழ் ஆசிரியர் எழுத்துப் பயிற்சியாக எடுத்துக்கொள்வார். வருமான நாட்காட்டி கணிதத்தில் வரைபாகும். வெளிநாட்டு ஒப்பந்தம் ஆங்கிலத்தில் வாசிப்புப் பயிற்சி. ஆண்டுத் தொடக்கத்திலேயே அவர்களோடு ஒரு தேநீர் குடித்துக் கேட்டுவிடுங்கள், பாதி ஆண்டில் கேட்டால் பாடத்திட்டம் முடியவில்லை என்பார்கள்.

வெளியாளாகக் கூப்பிட எளிதானவர் உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர். தொழில் வழிகாட்டலும் வேலைவாய்ப்புத் தகவலும் அவரது கடமைக்குள்ளேயே வருகிறது.

பதிவுக்குப் பிள்ளைக்கு ஒரு கோவை, அதில் ஆண்டுக்கு ஒரு தாள். தரம் 9இல் தெரிவு செய்த பாடமும் காரணமும், யாரைச் சந்தித்தது, எதைச் செய்து பார்த்தது, அடுத்து என்ன. தாளைப் பிள்ளையே எழுதட்டும், நீங்கள் திகதி போட்டால் போதும். குடும்ப விபரம், தனிப்பட்ட பிரச்சினை எதுவும் இந்தக் கோவையில் வரக்கூடாது. அது உங்கள் பூட்டிய இலாச்சிக்குள் இருக்கவேண்டிய வேறு கொப்பி. பாடசாலை மாறிப்போகும் பிள்ளையிடம் கோவையைக் கையில் கொடுத்துவிடுங்கள், விடுகைப் பத்திரத்தோடு சேர்த்து.